கழுத்து எவ்வளவு இறக்கம் வைக்கட்டும்? தையல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ப்ளவுஸ், பஞ்சாபி சூட், பாவாடை தாவணி தைத்துக் கொடுக்கும் கடை எங்களுடையது. தீபாவளி, தைப்பூசம், கல்யாண மாதங்கள் வந்துவிட்டால் இங்கே அளவெடுக்கும் நேரத்தைவிட வாக்குவாதம் நடக்கும் நேரம்தான் அதிகம். அம்மாவுக்கும் மகளுக்கும் நடக்கும், மணப்பெண்ணுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் நடக்கும். சில சமயம் கண்ணாடி முன்னால் நிற்கும் ஒரே பெண் தனக்குள்ளேயே நடத்திக்கொள்வாள். கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை எழுதிவைத்துவிட்டேன். தையல் விஷயத்தில் நான் சொல்வதை நம்பலாம். மற்றது என் அபிப்பிராயம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டாளியின் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை எடுத்திருக்கிறோம். எல்லாரும் முதுகு திறந்து, நாடா கட்டும் ப்ளவுஸ்தான் தைக்கப் போகிறார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் மட்டும் மூடித் தைத்தால் படத்தில் பட்டிக்காடாகத் தெரிவேனா?

தெரிய மாட்டீர்கள். கல்யாணப் படங்களில் தோழிகள் வரிசையாக நிற்கும்போது கண் முதலில் பிடிப்பது நிறத்தை, அப்புறம் முந்தானை விழும் விதத்தை. எல்லாரும் கேமராவைப் பார்த்து நிற்கும் படத்தில் முதுகுக்கு வேலையே இல்லை. திரும்பி நின்று எடுக்கும் அந்த ஒரு படத்துக்காக நாள் முழுவதும் முந்தானையை இழுத்து முதுகை மறைத்துக்கொண்டே இருக்கும் பெண்களை மண்டபங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி இழுத்துக்கொண்டிருப்பதுதான் எல்லார் கண்ணிலும் படும்.

தையலில் வழி இருக்கிறது. பின் கழுத்தை ஆழமாக வெட்டி, அந்த இடத்தில் ப்ளவுஸ் நிறத்திலேயே நெட் துணி வைத்து, மேலே கொஞ்சம் ஆரி வேலை போட்டால் வடிவம் மற்றவர்களோடு ஒத்துப்போகும், முதுகும் மூடியிருக்கும். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் நெட்டுக்குக் கீழே உங்கள் தோல் நிறத்தில் லைனிங் கேளுங்கள். கடையில் 'ஸ்கின் கலர்' என்று கொடுப்பது பெரும்பாலும் வெளிறிய நிறமாக இருக்கும், நம்மில் பலருக்கு ஒத்துவராது. கையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கல்யாணத்துக்கென்று கூட்டாளிகள் சேர்ந்து வாட்ஸ்அப் குழு வைத்திருப்பீர்கள், அதற்கு வருவோம். "நான் நெட் வைத்துத் தைக்கட்டுமா?" என்று அங்கே கேட்காதீர்கள். கேட்டால் ஓட்டெடுப்பு நடக்கும். "எனக்கு நெட் வைத்துத் தைக்கக் கொடுத்துவிட்டேன்" என்று படத்தைப் போட்டுவிடுங்கள். அரை மணி நேரத்தில் இன்னொருத்தி "எனக்கும் அப்படியே" என்று தனியாகச் செய்தி அனுப்புவாள், பாருங்கள். இது என் கடை அனுபவம் மட்டும் இல்லை. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். காட்டும் ஒரு கோட்டின் நீளத்துக்கு மூன்று கோடுகளில் எது சமம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சிறு பிள்ளைக்கும் விடை தெரியும். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு ஒரே குரலில் தப்பான விடையைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்கள் சொன்ன விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தப்பையே ஒட்டிப் போனது. கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடையைச் சொல்ல வைத்தபோது அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. உங்கள் குழுவிலும் அந்த ஒருவருக்காகத்தான் நாலு பேர் காத்திருப்பார்கள்.

என் மகள் ஸ்லீவ்லெஸ் கேட்கிறாள். நம் குடும்பத்தில் யாரும் போட்டதில்லை. எப்படி வேண்டாம் என்று சொல்ல வைப்பது?

அம்மாக்கள் இதைத் தனியாக என்னிடம், மகளுக்குக் கேட்காத குரலில் சொல்வார்கள். என்னைக் கூட்டணிக்குச் சேர்க்கப் பார்க்கிறார்கள். நான் சேர்வதில்லை.

"நம் குடும்பத்தில் யாரும்" என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். ரவிக்கை போடுவதே ஒரு காலத்தில் சிலருக்கு மறுக்கப்பட்ட உரிமை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தக் கூடாது என்று மேல்சாதியினர் அடித்து விரட்டினார்கள். 1820-களிலிருந்து பல பத்தாண்டுகள் தகராறு நடந்து, 1859-ல்தான் அரசர் மறைத்துக்கொள்ள அனுமதித்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி போட்டார். அன்று சிலரை மூடாதே என்றார்கள், இன்று மூடு என்கிறார்கள். பெண் என்ன உடுத்த வேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானிப்பது மட்டும் மாறவே இல்லை.

நம் பக்கம் வந்தால், ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிகள் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டையைப் போட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு போனார்கள். கொசுக்கடிக்கு அதுதான் தோது. அதே பாட்டிகள் சாயந்திரம் வீட்டில் ரவிக்கை இல்லாமல் சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் உண்டு. யாரும் அவர்களை அடக்கமில்லாதவர்கள் என்று சொன்னதில்லை. வேலைக்குத் தகுந்த உடை, வெயிலுக்குத் தகுந்த உடை, அவ்வளவுதான்.

சரி, தீர்வு என்ன? ப்ளவுஸைக் கையில்லாமல் தைத்து, அதே துணியில் கைகளைத் தனியாக வெட்டி உள்ளே தைத்து வைத்துவிடுவேன். தயாராக விற்கும் பஞ்சாபி சூட்டுகளில் இப்படித்தான் கை தனியாக வரும். கோயிலுக்குப் போக வேண்டுமா, பெரியப்பா வீட்டுக்கா, அன்றைக்குக் கையைச் சேர்த்துக்கொள்ளலாம். பாதி சண்டை இதிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதி முடியாது, ஏனென்றால் அது கையைப் பற்றிய சண்டையே இல்லை. "யாராவது ஏதாவது சொல்வார்கள்" என்கிறீர்களே, அந்த யாராவது யார் என்று உங்களையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு நாத்தனாரில் வந்து நிற்கும்.

எனக்கு மூடி உடுத்தத்தான் பிடிக்கும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கல்லூரியில் "ஆன்ட்டி" என்று கூப்பிடுகிறார்கள்.

இந்தக் கேள்வி இப்போது அதிகமாக வருகிறது. முன்பெல்லாம் நெருக்கடி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. இப்போது குட்டையாகப் போடாதவளும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "சுதந்திரமாக இரு" என்று சொல்லிக்கொண்டே ஒரே மாதிரி க்ராப் டாப்பில் எட்டுப் பேர் வந்து நின்றால் அதுவும் சீருடைதான்.

ஆனால் ஒன்று. மூடி உடுத்துவது வேறு, எடுப்பில்லாமல் உடுத்துவது வேறு. முழங்கை வரை கை, போட் நெக், தோள்பட்டை சரியாக உட்கார்ந்த ப்ளவுஸ், கெட்டிப் பருத்திச் சேலை என்று ஒரு பெண் வந்தால் கடையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். "ஆன்ட்டி" என்று தோன்றவைப்பது பெரும்பாலும் தோள் இறங்கித் தொங்கும் தையல். அளவு ப்ளவுஸ் என்று அக்காவின் பழையதைக் கொண்டுவராதீர்கள். உங்கள் உடம்பில் அளவெடுக்க விடுங்கள்.

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு என்ன உடுத்தலாம்? பால்குடம் எடுக்கப் போகிறேன்.

சாதாரண நாளில் விதி எளிது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். குட்டைக் கால்சட்டையில் வரும் சுற்றுப்பயணிப் பெண்களுக்குப் படிக்கட்டின் கீழேயே சாரோங் (கைலி போல இடுப்பில் சுற்றும் துணி) வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் அதே அளவுகோலோடு போனால் சங்கடம் இருக்காது.

தைப்பூசம் வேறு கணக்கு. பால்குடம் எடுப்பவர்கள் மஞ்சள் சேலை கட்டுவார்கள். ஆற்றங்கரையில் குளித்துவிட்டு ஈரத்தோடு நடப்பவர்களும் உண்டு, மேலே தலையிலிருந்து பாலும் தளும்பும். மெல்லிய மஞ்சள் துணி நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதனால்:

- ப்ளவுஸுக்கு முழு லைனிங், பருத்தியில். கை முழங்கை வரை இருந்தால் குடத்தைப் பிடிக்கத் தூக்கும்போது அக்குள் இறுக்காது.
- உள்பாவாடையும் மஞ்சளாகவே இருக்கட்டும். வெள்ளை வேண்டாம்.
- சேலையைக் கணுக்காலுக்கு மேல் நாலு விரல் தூக்கிக் கட்டுங்கள். 272 படி, வெறுங்கால், முன்னும் பின்னும் கூட்டம். கொசுவத்தை மிதித்து விழுந்தால் அழகும் போகும் பாலும் போகும்.
- ஊக்கு தோளில் ஒன்று, கொசுவத்தில் ஒன்று. அதற்குமேல் குத்தினால் ஈரத்துணி இழுத்துக் கிழியும்.

ஜார்ஜெட் நனைந்தால் உடம்போடு ஒட்டும், சிந்தெடிக் பட்டு வேர்க்கும். பருத்தியே உத்தமம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2017 தைப்பூசத்துக்கு முன்னால் இணையத்தில் ஒரு கூட்டம் கிளம்பியது. கோயிலுக்கு "ஒழுங்கில்லாமல்" உடுத்தி வரும் பெண்கள்மேல் சாயம் தெளிப்போம் என்று மிரட்டியது. பெண்கள் அமைப்புகள் கொதித்தன, போலீஸ் தலையிட்டது. கோயிலுக்கு ஒரு மரியாதை உண்டு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முதுகு முழுக்கத் திறந்த ப்ளவுஸோடு சன்னதியில் நிற்க நானே கூச்சப்படுவேன், கேட்டால் சொல்லவும் செய்வேன். ஆனால் சாயப் புட்டியோடு நிற்பவன் முருகனைப் பார்க்க வரவில்லை. இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லாமல் நடக்கும் ஆண்களை யாரும் அளக்கவில்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அரசாங்க அலுவலகத்துக்குப் போகும்போது?

முழங்காலுக்குக் கீழே, கை வைத்தது, சிலிப்பர் வேண்டாம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு நாடு முழுவதற்குமான உடைச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் வாசலில் நிற்கும் காவலர் திருப்பி அனுப்பிய கதைகள் உண்டு. 2015-ல் சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகம் ஒன்றில் ஒரு பெண்ணைச் சாரோங் கட்டிக்கொள்ளச் சொன்னது பெரிய செய்தியாகி, இலாகா மன்னிப்புக் கேட்டது. எது நியாயம் என்று அங்கே வாதாடலாம், ஆனால் வேலையிலிருந்து அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு லைசென்ஸ் புதுப்பிக்கப் போயிருப்பீர்கள். பையில் ஒரு கைலி இருந்தால் வேலை முடியும். புகாரை அப்புறம் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள்.

ஆபீஸில் வெள்ளிக்கிழமை எல்லாரும் பாஜு கூரோங் (மலாய்ப் பெண்களின் நீளச் சட்டையும் பாவாடையும்) போடுகிறார்கள். நான் போட்டால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள், போடாவிட்டால் ஆபீஸில் தனியாகத் தெரிகிறேன்.

முகம் சுளிக்கும் வீட்டில் பழைய பள்ளிக்கூடப் படத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடைநிலைப்பள்ளியில் பினஃபோர் போட்டவர்கள் போக, வெள்ளை பாஜு கூரோங்கும் நீலப் பாவாடையும் போட்ட நம் பிள்ளைகள் எத்தனை பேர்! விளையாட்டு நேரத்தில் கால் தெரியாது, உட்கார எழ வசதி என்று அம்மாக்களே வாங்கிக் கொடுத்தார்கள்.

தையல்காரியாகச் சொல்கிறேன், பாஜு கூரோங் கெட்டிக்காரத்தனமான வெட்டு. அக்குளில் 'கெகெக்' என்று ஒரு சதுரத் துண்டு, பக்கவாட்டில் 'பெசாக்' என்று அகலம் கொடுக்கும் துண்டு. கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் உடம்புப் பகுதி மேலே ஏறாது. நம் ப்ளவுஸில் இந்த வசதி கிடையாது. எல்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு இதன் அருமை தெரியும். முன்பக்கம் திறந்த மேல்சட்டையான கெபாயாவும் அப்படித்தான், யாருக்கும் தனிச்சொத்து இல்லை. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்தே விண்ணப்பித்து, 2024-ல் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

போட விருப்பமில்லை என்றால் பஞ்சாபி சூட் போடுங்கள், அல்லது மெழுகுச் சாயம் போட்ட பாத்தேக் துணியில் நீளச் சட்டை தைத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர்கள் வியாழன்தோறும் பாத்தேக் போடும் நாடு இது, யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மேலாளர் வாய்விட்டுக் கட்டாயம் என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுத்தில் வராது.

என் நெருங்கிய கூட்டாளி தமிழ் முஸ்லிம், தூடோங் (தலைமுக்காடு) போடுகிறாள். என் கல்யாணத்துக்குச் சேலை கட்ட ஆசைப்படுகிறாள். அவளுக்கு எப்படித் தைப்பது?

தாராளமாகத் தைக்கலாம். கை மணிக்கட்டு வரை, ப்ளவுஸ் நீளம் இடுப்பெலும்புக்குக் கீழே, கழுத்து மூடியது. முந்தானையை மடிக்காமல் விரித்து மார்புக்குக் குறுக்கே விட்டு, மறு தோளில் ஊக்கு குத்த வேண்டும். தூடோங்குக்குக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைவீதிப் பக்கம் போய்ச் சேலை நிறத்தைவிடக் கொஞ்சம் வெளிறியதாக எடுத்தால் எடுப்பாக இருக்கும். "இன்னைக்கு ஒரு நாள்தானே, கழற்றேன்" என்று யாராவது சொல்வார்கள். மணப்பெண் நீங்கள், நீங்களே வாயை அடையுங்கள்.

நான் கொஞ்சம் பருமன். "உனக்கு இதெல்லாம் எடுக்காது" என்கிறார்கள்.

எடுக்கும். டார்ட் (உடம்பு வளைவுக்குப் பிடிக்கும் மடிப்புத் தையல்) சரியாக விழுந்து, கொக்கி இழுபடாமல் இருந்தால் எந்த உடம்புக்கும் எடுக்கும். எல்லாரும் நம்மையே பார்க்கிறார்கள் என்று நினைப்பது மனித சுபாவம். 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட பனியனைப் போட்டு அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். மண்டபத்தில் அதுவும் குறையும் என்பேன், சாப்பாட்டுப் பந்தி வேறு இருக்கிறதே.

அண்ணன் "இதைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் பையன்கள் ஏதாவது செய்தால் நான் பொறுப்பில்லை" என்கிறான்.

அவன் பொறுப்பில்லைதான். செய்கிறவன் பொறுப்பு. 2022-ல் நம் நாட்டில் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வந்தது. தொல்லை எது என்று விளக்கும் இடத்தில் பேச்சு, பார்வை, சைகை, தொடுதல் எல்லாம் வருகிறது. பாதிக்கப்பட்டவர் என்ன உடுத்தியிருந்தார் என்ற பேச்சே இல்லை. அண்ணனிடம் அதைப் படிக்கக் கொடுங்கள்.

போன வருஷம் தீபாவளிக்குக் கட்டிய சேலையை இந்த வருஷம் கட்டலாமா? படம் எல்லாரும் பார்த்துவிட்டார்களே.

கட்டலாம். நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய பட்டை ஒரு தடவை கட்டிப் பெட்டியில் வைப்பது எனக்குப் புரிவதே இல்லை. ப்ளவுஸை மாற்றுங்கள், சேலையே புதிதாகத் தெரியும். மாம்பழ மஞ்சள் சேலைக்குக் கரும்பச்சை, நீலத்துக்கு ரத்தச் சிவப்பு. டிக்டாக் நேரலையில் ராத்திரி பதினொன்றுக்கு "கடைசி இரண்டு பீஸ்" என்று கத்தும்போது வாங்கிய சேலைகளைத்தான் பிறகு என்னிடம் கொண்டுவந்து "இதை ஏதாவது செய்யுங்க அக்கா" என்கிறார்கள். பாவாடை, நீளச் சட்டை, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, எதுவாகவும் மாற்றித் தருவேன்.

தைக்கக் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

கைப்பேசிப் படத்தை மட்டும் காட்டாதீர்கள். அந்த நடிகை நின்றபடியே படம் எடுத்தவர். நீங்கள் குனிந்து பெரியவர்கள் காலில் விழ வேண்டும், பந்தியில் பரிமாற வேண்டும், பிள்ளையைத் தூக்க வேண்டும். எங்கே போகப் போகிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். கழுத்து இறக்கத்தை "கொஞ்சம்", "மீடியம்" என்று சொன்னால் ஆளுக்கொரு அர்த்தம் வரும். கண்ணாடி முன் நின்று விரலை வைத்துக் காட்டுங்கள், நான் டேப் பிடித்து அங்குலத்தில் எழுதிக்கொள்கிறேன். கூட வந்தவர் "இன்னும் இறக்கு" என்றாலும் "இன்னும் ஏத்து" என்றாலும் நான் எழுதுவது உங்கள் விரல் நின்ற இடத்தைத்தான்.

முதல் முறை போட்டுப் பார்க்கும்போது கையைத் தூக்குங்கள், குனியுங்கள், நாற்காலியில் உட்காருங்கள். ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள், லைனிங் போதுமா என்று அதில் தெரிந்துவிடும். பக்கத் தையலில் துணி விட்டே தைப்பேன், பிறகு பிரித்துப் பெரிதாக்கலாம். கழுத்து அப்படி இல்லை, வெட்டினால் வெட்டியதுதான். சந்தேகம் இருந்தால் அரை அங்குலம் ஏற்றியே வைப்போம், போட்டுப் பார்த்தபின் இறக்கிக்கொள்ளலாம். அதற்குத் தனிக் கூலி கிடையாது.